உழவை நிறுத்துங்கள், தரையை மூடுங்கள்: வடசென்னைப் பழத்தோட்டப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னையின் எல்லையில், புழலுக்கும் சோழவரத்துக்கும் இடைப்பட்ட பொதுப் பழத்தோட்டங்களைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

மா, சப்போட்டா, கொய்யா வரிசைகளுக்கு நடுவே ஆண்டுக்கு மூன்று முறை ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் டிராக்டர் கருவி) ஓட்ட வேண்டும். தரையில் புல் பூண்டு எதுவும் நிற்கக் கூடாது. உதிர்ந்த சருகைக் கூட்டி ஓரத்தில் எரித்துவிட வேண்டும். அடுத்த மூன்றாண்டுப் பராமரிப்புக்கு நீங்கள் போட்டிருக்கும் ஒப்பந்த நிபந்தனைகள் இவை. இதற்கு முன்மாதிரியாகக் காட்டியிருப்பது ஸ்பெயின் நாட்டு ஆலிவ் தோப்புகளை. மரங்களுக்கு நடுவே துடைத்துவைத்தாற்போல் செம்மண் தெரியும் படங்களைப் பார்த்துத்தான் இந்த நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கின்றன என்பது உங்கள் குறிப்பைப் படித்தாலே விளங்குகிறது.

படங்கள் உண்மைதான். ஆனால், அப்படி வெறுந்தரையாக வைத்திருந்ததில் அந்த மண் எதை இழந்தது, இன்று அதே நாடு ஏன் விவசாயிக்குப் பணம் கொடுத்து அந்தத் தரையை மூடச் சொல்கிறது என்பது உங்கள் குறிப்பில் இல்லை. மண்ணோடும் மரத்தோடும் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் அதைச் சொல்லாமல் இருக்க எங்களால் முடியாது. இந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால், இப்போதே கரிமம் (மட்கிய இலை, வேர் போன்றவற்றில் உள்ள கார்பன்) குறைவாக உள்ள ஒரு மண் இன்னும் வறளும். அதை மீட்க மூன்றாண்டு போதாது.

முதலில் நீங்கள் காட்டிய நாட்டிலிருந்தே தொடங்குகிறோம். ஸ்பெயினில் 25 லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஆலிவ் இருக்கிறது. பெரும்பகுதி தெற்கே அந்தலூசியாவில். அதிலுள்ள ஹயேன் மாகாணத்தில் மட்டும் ஆறு கோடி மரங்களுக்கு மேல். அங்கும் மழை அக்டோபரில்தான் பிடிக்கும். வசந்தம் வரை விட்டுவிட்டுப் பெய்யும். பிறகு கோடை முழுக்க மழை அரிது. பெரும்பாலான தோப்புகளுக்கு ஆண்டுக்குக் கிடைப்பது 400 முதல் 700 மில்லிமீட்டர். சென்னைக்குக் கிடைக்கும் 1400 மில்லிமீட்டரில் பாதியோ அதற்கும் குறைவோதான். அந்தச் சொற்ப ஈரத்துக்கு மரத்தோடு புல் போட்டி போடக் கூடாது என்பதுதான் அங்கே உழவின் காரணம். டிராக்டர் பரவலானதும் உழுவது எளிதானது. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மண்ணைக் கிளறி வெறுமையாக வைப்பது வழக்கமாகிவிட்டது.

பல பத்தாண்டுகள் கழித்து அந்த மண்ணை அளந்தபோது, ஏராளமான தோப்புகளில் மேல்மண்ணின் அங்ககக் கரிமம் 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. சரிவான நிலங்களில் கண்ணாலேயே பார்க்கலாம். மரத்தின் அடி மட்டும் ஒரு மேடு போல நிற்கும். சுற்றியுள்ள தரை அதைவிடத் தாழ்ந்திருக்கும். அந்த மேடுதான் பழைய தரைமட்டம். இடையில் காணாமல் போனது மழை அடித்துக்கொண்டு போன மேல்மண்.

அதனால்தான் 2023-இல் அங்கே நடைமுறைக்கு வந்த விதிகளில், 10 சதவீதமும் அதற்கு மேலும் சரிவுள்ள மரப்பயிர் நிலங்களில் வரிசைகளுக்கு நடுவே குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்குத் தாவர மூடாக்கு இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். அதே ஆண்டு முதல், மூடுபயிர் (தரையை மூடிவைக்க மரங்களுக்கு நடுவே வளர்க்கும் பயிர்) வைக்கிறவர்களுக்கும் கவாத்தில் வெட்டிய கிளைகளை நறுக்கித் தரையில் பரப்புகிறவர்களுக்கும் தனி ஊக்கத்தொகை. நீங்கள் முன்மாதிரி என்று எடுத்துக்கொண்ட வெறுந்தரையை அந்த நாடே கைவிட்டு வருகிறது.

மத்தியதரைக்கடல் பகுதி மரப்பயிர்களில் நடந்த சோதனைகளைத் திரட்டி 2016-இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. வழக்கமான முறையோடு ஒப்பிடும்போது, மூடுபயிர் வைத்த ஆலிவ் தோப்புகளில் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1.1 டன் கரிமம் கூடுதலாகச் சேர்ந்தது. நம் கணக்கில் ஏக்கருக்கு 450 கிலோ, கரியமில வாயுவாக மாற்றினால் (3.67 ஆல் பெருக்க வேண்டும்) சுமார் 1.6 டன். வெளியிலிருந்து மக்கு உரம் கொண்டுவந்து கொட்டிய தோப்புகளில் எண் இன்னும் பல மடங்கு பெரியது. ஆனால் அந்தப் பெரிய எண்ணை நம்பித் திட்டம் போடக் கூடாது. வேறோர் இடத்திலிருந்த கரிமத்தை லாரியில் ஏற்றி இங்கே இறக்கியதும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. நிலமே காற்றிலிருந்து பிடித்துச் சேர்த்தது மூடுபயிர்க் கணக்குதான்.

உழவு கரிமத்தை எப்படிக் குறைக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் 'மண்ணைப் புரட்டினால் காற்றோட்டம், காற்றோட்டம் வந்தால் வளம்' என்ற எண்ணம்தான் உங்கள் நிபந்தனைக்கு அடிப்படை.

நல்ல தோட்டத்து மண்ணைக் கையில் எடுத்து உடைத்தால் கடுகு அளவிலும் மிளகு அளவிலும் உருண்டைகளாக உதிரும். களிமண் துகள், மணல், மக்கிய வேர்த்துணுக்கு, பூஞ்சை இழை, நுண்ணுயிர் சுரக்கும் பசை எல்லாம் சேர்ந்து கட்டிய திரள்கள் அவை. கரிமத்தின் ஒரு பங்கு இந்தத் திரள்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. உள்ளே காற்று குறைவு, நுண்ணுயிர் நுழைய வழி குறைவு. அதனால் அது ஆண்டுக்கணக்கில் மிஞ்சுகிறது. ரோட்டவேட்டரின் வளைந்த கத்திகள் நிமிடத்துக்கு 200 சுற்றை ஒட்டிச் சுழல்கின்றன. சட்டிக் கலப்பையோ ஒன்பது கொத்துக் கலப்பையோ மண்ணைப் புரட்டி, பிளந்து போடும், ரோட்டவேட்டர் பொடியாக்கும். திரள் உடைந்ததும் உள்ளே இருந்த கரிமம் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகிறது. உழுத சில மணி நேரத்தில் மண்ணிலிருந்து கரியமில வாயு பெருகி வெளியேறுவதைக் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். நீங்கள் 'வளம்' என்று காண்பது இந்த எரிப்பில் விடுபடும் தழைச்சத்துதான் (நைட்ரஜன்). அது ஒரு பருவம் இலையைப் பச்சையாக்கும். அடுத்த பருவம் எரிக்க மிஞ்சியிருப்பது குறைவு.

இதோடு பூஞ்சை இழைகள் அறுபடுகின்றன. திரள்களைக் கட்டி வைத்திருந்தவை அவையே. ஆண்டுக்கு ஒருமுறை அறுத்தால் ஓரளவு மீண்டு வரும்; நான்கு மாதத்துக்கு ஒருமுறை அறுத்தால் கட்டுவதற்கே நேரம் கிடைக்காது.

அடுத்தது வெயில். சித்திரை, வைகாசி நண்பகலில் இங்கே மூடாத வெறுந்தரையின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும். ஈரம் இருக்கும் வரை, ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மட்குதலின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கோடை மழை ஒன்று பெய்து, சூடான, பொடியாக்கப்பட்ட, மூடாத மண் நனைந்தால் அதைவிட வேகமாகக் கரிமத்தைத் தொலைக்கும் வழி வேறில்லை. ஸ்பெயினில் மழைக்காலம் குளிர்காலமாகவும் இருப்பதால் இந்த வேகம் அங்கே தணிந்துவிடுகிறது. நமக்கு ஐப்பசியிலும் சராசரி வெப்பம் 25 டிகிரிக்குக் குறையாது. ஆகவே உழவின் கேடு அங்கே எவ்வளவோ, இங்கே அதைவிடக் கூடுதல்.

செங்குன்றம் என்று ஊருக்குப் பெயர் வைத்த அந்தச் செம்மண் கரிமத்தைப் பிடித்துவைப்பதில் கரிசல் அளவுக்குத் திறனுள்ளதல்ல. அதன் களிமண் வகையும் அளவும் அப்படி. கொசஸ்தலையாற்று வண்டல் கலந்த இடங்கள் கொஞ்சம் பரவாயில்லை. கடற்கரைப் பக்கம் போகப் போக மணல். பிடிமானம் குறைந்த இப்படிப்பட்ட மண்ணில் திரளும் மூடாக்கும்தான் பாதுகாப்பு. இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் எடுத்துவிடுகிறீர்கள்.

ரோட்டவேட்டர் ஓடிய தோட்டத்தில் கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு மண்வெட்டியோடு போய்ப் பாருங்கள். மேலே அரை விரல்கடை கனத்துக்கு வழவழவென்று பொருக்கு தட்டியிருக்கும். மழைத்துளி பொடிமண்ணை அடித்து, நுண்துளைகளை அடைத்து, காய்ந்ததும் ஓடு போல இறுகிய பொருக்கு அது. அதன் கீழே 10, 12 சென்டிமீட்டர் வரை மாவு மாதிரி மண். அதற்கும் கீழே மண்வெட்டி டங்கென்று நிற்கும். கத்திகள் ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்ப அடித்து அமுக்கிய கடினத் தட்டு அது. மேலே பொருக்கு, கீழே தட்டு; நடுவில் தேங்கும் தண்ணீரில் சப்போட்டா, கொய்யா வேர் அழுகும். அதே மழையில் வரிசை முழுக்க மூடாக்கு இருந்த பக்கத்துத் துண்டில் தண்ணீர் நின்ற சுவடே இருக்காது. தோண்டினால் மண்புழுத் துளைகள் தெரியும்.

உறிஞ்சு வேர்களையும் மறந்துவிடக் கூடாது. பழமரங்களில் உணவு எடுக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவியிருக்கும். ஒவ்வோர் ஓட்டத்திலும் அவை நறுக்கப்படுகின்றன. மண்ணில் நெடுநாள் தங்கும் கரிமத்தில் வேரிலிருந்து வருவதன் பங்கு தழையிலிருந்து வருவதைவிட அதிகம் என்பதால் இது இரட்டை இழப்பு.

களைக்குக்கூட இது மருந்தல்ல. கோரை உள்ள நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டினால் கிழங்குச் சரம் துண்டு துண்டாகி, ஒவ்வொன்றும் தனிச் செடியாகத் தோட்டம் முழுக்கப் பரவும். அருகுக்கும் அதுவே. இரண்டாம் ஆண்டு ஒப்பந்ததாரர் இன்னும் இரண்டு ஓட்டம் கேட்பார். நீங்களும் கொடுக்க வேண்டி வரும்.

இதைப் படித்துவிட்டு, 'சரி, உழவை விட்டுவிட்டுக் களைக்கொல்லி அடித்துவிடுகிறோம்' என்று நிபந்தனையை மாற்றிவிடாதீர்கள். இந்தத் தவற்றையும் ஆலிவ் தோப்புகள் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டன. உழாமல், ஆனால் மருந்தடித்து வெறுந்தரையாக வைத்த தோப்புகளில் மேற்பரப்பு இறுகி, உழுத தோப்பைக் காட்டிலும் அதிக மழைநீர் வழிந்தோடியதைத் தெற்கு ஸ்பெயினின் நீண்டகால அளவீடுகள் காட்டின. கரிமமும் சேரவில்லை, சேர்வதற்கு மேலே எதுவும் வளரவில்லையே. கலப்பையை நிறுத்துவது பாதி வேலை. தரை உயிரோடும் மூடியும் இருப்பது மீதிப் பாதி. எங்கள் கோரிக்கையின் உயிர்நாடி இதுதான்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். உழவை நிறுத்தினால் மண்ணில் கரிமம் மலைபோல் குவியும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. உழாத நிலத்தில் கரிமம் மேலே 5, 10 சென்டிமீட்டரில் செறிகிறது. அதைவிட ஆழத்தில் பெரும்பாலும் வித்தியாசம் இருப்பதில்லை, சில இடங்களில் குறையவும் செய்யும். மேல் 5 சென்டிமீட்டரை மட்டும் அளந்து வெற்றி அறிவிப்பது தவறு. ஸ்பெயினின் 450 கிலோவை அப்படியே வடசென்னைக்கு நகல் எடுக்கவும் முடியாது. இங்கே ஏக்கருக்கு உலர் எடையில் ஒரு டன் சணப்பை (பசுந்தாள் உரப் பயிர்) வளர்ந்தால் அதில் கரிமம் சுமார் 450 கிலோ. நம் வெப்பத்தில் அதன் பெரும்பகுதி ஓராண்டுக்குள் மட்கிக் காற்றில் போய்விடும்; பத்தில் ஒன்றிரண்டு பங்கு தங்கினால் நல்லது. தண்ணீர்க் கணக்கிலும் மிகைப்படுத்தல் உண்டு. கரிமம் 1 சதவீதம் கூடினால், 100 மில்லிமீட்டர் ஆழ மண் மரத்துக்குக் கிட்டும்படி கூடுதலாகப் பிடித்துவைப்பது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய தண்ணீர்தான். பெரிய ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது: பொருக்கு தட்டாமல் மழை உள்ளே இறங்குவதிலும், வெயிலில் ஆவியாகாமல் நிற்பதிலும்.

சேமிப்பு மெதுவாக நடக்கிறது என்பதாலேயே இழப்பைத் தடுப்பது அவசரமாகிறது. கணக்கைப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் ஆழம், ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம் பரும அடர்த்தி (துளைகளையும் சேர்த்த கன அளவுக்கு உலர் மண்ணின் எடை), அங்ககக் கரிமம் 0.6 சதவீதம் என்றால் ஹெக்டேருக்கு 13.5 டன் கரிமம். அது 0.5 சதவீதத்துக்கு இறங்கினால் 11.25 டன். மண் பரிசோதனை அட்டையில் ஒரு புள்ளி குறைந்தது போலத் தெரியும். நிலத்தில் குறைந்தது ஹெக்டேருக்கு 2.25 டன், ஏக்கருக்கு 900 கிலோ. மேலே சொன்ன வேகத்தில், ஆண்டுக்கு 45 முதல் 90 கிலோ என்று சேர்த்தால், இதைத் திருப்பப் பத்து முதல் இருபது ஆண்டு வேண்டும். அட்டையின் வகைப்பாட்டில் 0.5-க்குக் கீழே 'குறைவு'. நடுத்தரத்தின் விளிம்பில் நிற்கும் மண்ணைக் குறைவுக்குள் தள்ள மூன்றாண்டு ஒப்பந்தம் ஒன்றே போதும்.

சருகு எரிப்பதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. இலையில் உள்ள கரிமமும் தழைச்சத்தும் புகையாகப் போகின்றன. மிஞ்சுவது கொஞ்சம் சாம்பல். திறந்தவெளியில் கழிவை எரிக்க தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே தடை விதித்து, சாதாரண எரிப்புக்கு 5,000 ரூபாயும் பெருமளவு எரிப்புக்கு 25,000 ரூபாயும் தண்டத்தொகை சொல்லியிருக்கிறது. மணலி, எண்ணூர் ஆலைப் புகை போதாதென்று மாதவரத்துக் குழந்தைகள் இந்தப் புகையையும் சுவாசிக்க வேண்டுமா?

உங்கள் தரப்பில் சொல்லக்கூடிய நியாயமான கவலைகள் எங்களுக்குத் தெரியும். மாசி, பங்குனியில் காய்ந்த புல் தீப்பிடிக்கும் என்பது உண்மை. அதற்குச் சாலையோரத்திலும் வேலி நெடுகிலும் 3 மீட்டர் அகலத்துக்குத் தைக் கடைசியில் ஒருமுறை சுரண்டி வெறுந்தரையாக்கினால் போதும். தோட்டம் முழுவதையும் உழ வேண்டியதில்லை. பாம்பு பயம் இருக்கிறது. வேலையாட்களும் மக்களும் நடக்கும் பாதையை ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஒட்ட வெட்டி வையுங்கள். பழ ஈயின் கூட்டுப்புழு மண்ணில் இருப்பதால் உழவு வேண்டும் என்று பூச்சியியல் சார்ந்தவர்கள் சொல்லலாம். அறிவுரையாக அது உள்ளதுதான். ஆனால் விழுந்த பழத்தை வாரம் இருமுறை பொறுக்கி, பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போட்டுவிட்டால் புழு மண்ணுக்குள் போவதே தடைபடும். ஆண் பழ ஈக்களை ஈர்த்துப் பிடிக்கும் மெத்தில் யூஜினால் பொறியும் சேர்ந்தால் கவலை பெரிதும் தீரும். அப்படியும் தாக்குதல் கூடினால் மரக் குடையின் கீழே (கிளைகள் விரிந்த பரப்பில்) மட்டும் கையால் 3, 4 சென்டிமீட்டர் கொத்திவிடலாம். ஏற்கெனவே இறுகிப்போன கடினத் தட்டை உடைக்க உளிக்கலப்பையை ஒரே ஒருமுறை, வரிசையின் நடுக்கோட்டில், மண் காய்ந்திருக்கும்போது ஓட்டுவதையும் நாங்கள் எதிர்க்கவில்லை. ஈரத்தில் ஓட்டினால் தட்டு உடையாது. கீறல் விழுந்து, பக்கங்கள் இன்னும் இறுகும்.

உழவுக்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் அப்படியே எழுதத்தக்கபடி சொல்கிறோம். புரட்டாசிக் கடைசியில் இருக்கும் புல்லைப் பிரஷ் கட்டரால் 5 சென்டிமீட்டருக்கு வெட்டிவிட்டு, முதல் நல்ல மழை விழுந்ததும் மரக் குடைக்கு வெளியே உள்ள நடுப்பட்டையில் விதை தூவ வேண்டும். நடுப்பட்டை தோட்டத்தின் பாதிக்குச் சற்று அதிகம் என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்குச் சணப்பை 6 கிலோ, தட்டைப்பயறு 4 கிலோ, கொழிஞ்சி 3 கிலோ போதும். கொழிஞ்சி விதைக்கு மெழுகு பூசியது போன்ற கெட்டித் தோல். மணலோடு சேர்த்துத் தேய்க்காமல் தூவினால் பெரும்பகுதி முளைக்காது. 'விதைத்தோம், வரவில்லை' என்று ஒப்பந்ததாரர் கணக்கு எழுதிவிடுவார். தண்ணீர் தேங்கும் தாழ்ந்த இடத்தில் சணப்பை அழுகும். அங்கே தக்கைப்பூண்டு மட்டும் போடுங்கள். தூவியபின் வாரியால் ஒருமுறை இழுத்து, வெட்டிய புல்லை மேலே பரப்பிவிட்டால் எறும்பும் புறாவும் கொண்டுபோவது குறையும்.

சணப்பை 45, 50 நாளில் பூக்கும். பூ எடுத்ததும், நார் முற்றி வெட்டுக்கம்பியில் சுற்றிக்கொள்வதற்கு முன், 10 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டி அப்படியே தரையில் கிடத்த வேண்டும். மடக்கி உழக் கூடாது. வழக்கமான பசுந்தாள் உரப் பழக்கத்தில் உழவர் கை தானாக அங்கே போகும். நெல் வயலுக்கு அது பொருந்தும், மரத் தோட்டத்துக்குப் பொருந்தாது. இடைவெளிகளில் மார்கழிப் பனியிலும் தாங்கும் கொள்ளுப் பயறைத் தூவலாம். தை பிறந்ததும் மா பூக்கும் காலம்; அதற்குள் எல்லாவற்றையும் ஒருமுறை வெட்டி மூடாக்காக்கிவிட்டால் தண்ணீர்ப் போட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்பெயினிலும் மூடுபயிர் வெற்றி பெறுவதும் தோற்பதும் இந்த ஒரு தேதியில்தான். வசந்தத்தில் வெட்டத் தாமதித்த தோப்புகளில் விளைச்சல் குறைந்தது. பிறகு ஆடி, ஆவணி மழையில் தானாக வரும் புல்லை முழங்கால் உயரம் வந்ததும் வெட்டினால் போதும். பார்த்தீனியத்தை மட்டும் பூக்கும் முன் கையால் பிடுங்க வேண்டும்.

அறுவடைக்குப் பின் கவாத்து செய்த கிளைகளில் 5 சென்டிமீட்டருக்கு உட்பட்டவற்றை நறுக்கும் எந்திரத்தில் விட்டு, மரக் குடையின் கீழே 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பலாம். அடிமரத்திலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். ஒட்டிக் கிடந்தால் கரையானும் அடித்தண்டு அழுகலும் வரும். மரத்தூளையும் சில்லையும் மண்ணோடு கலக்கவே கூடாது. கலந்தால் அதை மட்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு மரத்தைப் பட்டினி போடும். மேலே கிடந்தால் அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. காய்க்கும் மாமரம் ஒன்றுக்கு 50 கிலோ தொழுவுரம் புரட்டாசியில். மாதவரம் பக்கம் மாட்டுச் சாணத்துக்குப் பஞ்சமில்லை. நகரக் குப்பை உரம் வாங்குவதானால் கரிமம் 12 சதவீதத்துக்குக் குறையாமலும், ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கும் காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மிகாமலும் உள்ளதென்று ஒவ்வொரு லோடுக்கும் ஆய்வுச் சான்று கேளுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரம்புகளே இவை. கண்ணாடிச் சில்லும் பிளாஸ்டிக்கும் கலந்த உரத்தை மண்ணில் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததே. அந்தப் பக்கத் தோட்டங்களில் வெறுந்தரை இன்னொரு கேட்டையும் செய்யும்: ஆவியாகும் தண்ணீர் உப்பை மேலே இழுத்து வந்து விட்டுவிட்டுப் போகும். மூடாக்கு இதைக் கணிசமாகத் தணிக்கும்.

கடைசியாக, அளவீடு. உங்கள் நிபந்தனைப்படி உழவு முடிந்ததும் தோட்டத்துக்கு ஒரு மண் மாதிரி, 0 முதல் 15 சென்டிமீட்டர், கரிமச் சதவீதம் மட்டும். இந்த அளவீட்டால் எதையும் நிரூபிக்க முடியாது. உழுதவுடன் மண் உப்பியிருக்கும். 15 சென்டிமீட்டருக்குள் வரும் மண்ணின் எடையே குறைவு. மேலே இருந்ததும் கீழே இருந்ததும் கலந்திருக்கும். பரும அடர்த்தி இல்லாத சதவீதத்தை வைத்து எத்தனை டன் என்று சொல்லவே இயலாது. சரியான முறை கடினமானதல்ல. 5 சென்டிமீட்டர் விட்டமும் 5 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட எஃகு வளையத்தை மண்ணில் இறக்கினால் உள்ளே நிற்பது 98 கன சென்டிமீட்டர். 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி எடை போடுங்கள். 147 கிராம் இருந்தால் அடர்த்தி 1.5. கல் இருந்தால் கழிக்க வேண்டும். மரக் குடையின் கீழும் நடுப்பட்டையிலும் கரிமம் வேறுவேறாக இருக்கும் என்பது ஆலிவ் தோப்பு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனி மாதிரி, ஒவ்வொன்றும் 15 இடங்களில் எடுத்துக் கலந்தது. ஆழம் 0–5, 5–15, 15–30 சென்டிமீட்டர் என மூன்று அடுக்கு. ஆய்வகம் வாக்லி–பிளாக் என்ற வேதியியல் முறையில் செய்தால், அது கரிமத்தில் முக்கால் பங்கை ஒட்டித்தான் பிடிக்கும்; அதை ஈடுகட்ட 1.3 ஆல் பெருக்கினார்களா இல்லையா என்று அறிக்கையில் எழுத வேண்டும். ஒரு ஆண்டு பெருக்கி, மறு ஆண்டு பெருக்காமல் விட்டால் இல்லாத இழப்பும் இல்லாத லாபமும் தாளில் தோன்றும். ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஆனி வாக்கில் எடுங்கள். நான்கைந்து ஆண்டுக்கு முன் தெளிவான வித்தியாசம் தெரியாது. தெரியவில்லை என்று இரண்டாம் ஆண்டே மறுபடி உழுதுவிட்டால், அதுவரை கட்டிய திரள்கள் ஒரே ஓட்டத்தில் உடைந்துபோகும்.

நாங்கள் கேட்பவை இவை. ரோட்டவேட்டர் ஓட்டம் மூன்றையும் சருகு எரிப்பையும் ஒப்பந்தத்திலிருந்து, பணி ஆணை கொடுப்பதற்கு முன்பே நீக்குங்கள். அவற்றின் இடத்தில் களைக்கொல்லி வரக் கூடாது என்றும் எழுதுங்கள். உழவுக்கு ஒதுக்கிய தொகையை விதை, பிரஷ் கட்டர் வேலை, நறுக்கும் எந்திரத்தின் வாடகை ஆகியவற்றுக்கு மாற்றுங்கள். ஒப்பந்ததாரரின் வேலையை 'புல் இல்லை' என்று பார்த்து அல்ல, மாதம் ஒருமுறை தரையில் 70 சதவீதத்துக்கு மேல் மூடாக்கு இருக்கிறதா என்று பார்த்து மதிப்பிடுங்கள். மீட்டருக்கு மீட்டர் சதுரச் சட்டகம் ஒன்றைப் பத்து இடத்தில் போட்டுப் பார்த்தால் அரை நாளில் முடியும். ஒப்பந்தக் காலத்தை ஐந்தாண்டாக்குங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் ஏக்கரையாவது இப்போது இருக்கும் நிலையிலேயே ஒப்பீட்டுக்கு விட்டுவையுங்கள்.

எந்தத் தொடக்கக் கணக்கும் இல்லாமல் உழவு ஆரம்பித்துவிட்டால் இழந்தது எவ்வளவு என்பதும் தெரியாமல் போகும். ஆகவே எந்த எந்திரமும் தோட்டத்துக்குள் இறங்கும் முன், மேலே சொன்ன மூன்று ஆழங்களிலும் மண் மாதிரி எடுத்து, அடர்த்தியோடு சேர்த்து முடிவுகளை ஒவ்வொரு தோட்டத்தின் வாசலிலும் தமிழில் ஒட்டுங்கள். மாதிரி எடுக்கும் நாளை முன்கூட்டியே அறிவித்தால், வளையமும் தராசும் கொண்டு நாங்களும் வருகிறோம். இந்த ஆண்டு புரட்டாசி முடிவதற்குள் உங்கள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். விதைப்பு தவறினால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

மாதவரம், புழல், செங்குன்றம் பகுதிகளில் மண் பரிசோதனையிலும் பழத்தோட்டப் பராமரிப்பிலும் ஈடுபட்டிருப்போர்